ஜக்காடு பிறந்த ஊரில்

எங்கள் வீட்டில் ‘ஜக்காடு’ ஒரு தமிழ்ச் சொல். பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். பாவு, ஊடை, நாடா, மிதி, அட்டை, ஜக்காடு என்று எல்லாமே ஒரே மூச்சில் வந்து விழும் வார்த்தைகள். ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில், தறி ஓடாத வீடே இல்லாத தெருவில் வளர்ந்தவளுக்கு அது வேறு மொழியின் சொல்லாகத் தோன்ற எந்தக் காரணமும் இல்லை. தறிக்கு மேலே உத்தரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கனமான பெட்டி அது. அதன் பக்கத்தில் துளை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும். அப்பா மிதிக்கும்போதெல்லாம் ஒரு அட்டை புரளும். புடவைக் கரையில் மயிலின் கழுத்து ஒரு இழை வளரும்.

அது ஒரு மனிதரின் பெயர் என்று கல்லூரியில்தான் தெரிந்தது. அவர் பிறந்த ஊரிலேயே எனக்கு வேலை கிடைக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிரான்சின் லியோன் நகரத்துக்கு வந்து 2 வருடம் ஆகிறது. போன மே மாதம் அப்பா வந்தார். அம்மா பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்டாள். அப்பாவுக்கு 63 வயது. 35 வருடம் குழித்தறியில் உட்கார்ந்து மிதித்த கால்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். லியோனோ படிகளால் கட்டப்பட்ட ஊர். ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள். மேற்கே ஃபூர்வியேர் குன்று, வடக்கே குருவா ரூஸ் குன்று. நடந்து பார்க்க வேண்டியவற்றில் பாதி அந்தக் குன்றுகளின் மேலும் சரிவிலும்தான் இருக்கின்றன. மெட்ரோ மேலே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் சுரங்கத்துக்குள் போய் மேலே முளைத்தால் ஊரின் ஏற்றம் உடம்புக்குத் தெரியாது. அப்பாவுக்கு அது தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

அப்போதுதான் வழிகாட்டியோடு போகும் மின்சார ஸ்கூட்டர் சுற்றுலாவைப் பற்றி அலுவலகத்தில் ஒரு தோழி சொன்னாள். நம் ஊரில் ஸ்கூட்டர் என்றால் உட்கார்ந்து ஓட்டுவது. இது நின்றுகொண்டு ஓட்டுவது. பிரெஞ்சில் ‘திரோத்தினெத்’ என்பார்கள். ஒரு பலகை, ஒரு கம்பு, கைப்பிடி, அவ்வளவுதான். தெருவில் வாடகைக்கு எடுக்கும் வண்டிகளுக்குச் சக்கரம் சின்னது. இந்தச் சுற்றுலாவில் கொடுப்பவை பெரிய காற்றுச் சக்கரமும் அகலமான பலகையும் உள்ளவை. அப்பாவிடம் படத்தைக் காட்டி, “ஓட்டுவீங்களாப்பா?” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “டிவிஎஸ் ஃபிப்டியில பாவு உருளையக் குறுக்க வெச்சிக்கிட்டு ஆரணி பஜார்ல ஓட்டியிருக்கேன். இதுல இன்னா இருக்கு?” என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் பெல்கூர் சதுக்கத்தில் கூடினோம். செம்மண் விரித்த பெரிய மைதானம், நடுவில் குதிரை மேல் பதினான்காம் லூயி. எங்களோடு ஒரு டச்சுத் தம்பதி. வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், ஆங்கிலத்தில் பேசினாள். நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் இருபது நிமிடம் பயிற்சி மட்டும். ஒரு காலால் இரண்டு முறை உந்திய பிறகுதான் கட்டைவிரல் பொத்தானை அமுக்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து அமுக்கினால் வண்டி எகிறும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்திருக்க வேண்டும். பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்கக்கூடாது.

சட்டத்தையும் சொன்னாள். பிரான்சில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் இந்த வண்டி போகக்கூடாது. நடைபாதையில் ஏறக்கூடாது. ஒரு வண்டியில் ஒருவர்தான். 2023 செப்டம்பரிலிருந்து 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டக்கூடாது. அதே மாதம்தான் பாரிஸ் நகரம், மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, வாடகை ஸ்கூட்டர்களைத் தெருவிலிருந்தே அகற்றியது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நடைபாதையில் குறுக்கே வீசிவிட்டுப் போன வண்டிகளுக்கு நடுவே ஒரு பாட்டி சக்கர நாற்காலியோடு திணறியதை இங்கேயும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாலைந்து பேர் ஒரு வழிகாட்டியின் பின்னால் வரிசையாக, மெதுவாகப் போவது வேறு விஷயம். லியோனில் 2022 மார்ச் முதல் பெரும்பாலான தெருக்களில் கார்களுக்கே 30 கிலோமீட்டர்தான் எல்லை. அதனால் தெருவில் எங்களுக்கும் கார்களுக்கும் பெரிய வேக வித்தியாசம் இல்லை. அப்பாவை அழைத்துவரத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சோன் ஆற்றைக் கடந்ததும் பழைய லியோன். கல் பாவிய சந்துகள், காவி, ரோஜா, மஞ்சள் நிறங்களில் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு வீடுகள். 1950களிலும் 60களிலும் இந்தப் பகுதி அழுக்கும் இடிபாடுமாகக் கிடந்ததாம். ஊடே பெரிய சாலை போட மேயர் நினைத்தார். ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்திரே மால்ரோ 1962இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ், 1964இல் பிரான்சின் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இது அறிவிக்கப்பட்டது. 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கே ஸ்கூட்டர் சரியான வாகனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். கல் தரையில் கை முழுக்க அதிர்கிறது, நடப்பவர்களுக்கும் தொந்தரவு. வழிகாட்டியும் அதே எண்ணத்தில் இருந்தாள் போல. வண்டிகளைப் பூட்டிவிட்டு நடக்கச் சொன்னாள்.

சான் ழான் தெருவில் 54ஆம் எண் கதவைத் தள்ளினாள். பார்த்தால் சாதாரண வீட்டுக் கதவு. உள்ளே இருட்டான நடை, அப்புறம் ஒரு முற்றம், மறுபடி நடை, மறுபடி முற்றம். இப்படியே நாலு கட்டடங்களைத் துளைத்துக்கொண்டு அடுத்த தெருவில் வெளியே வந்தோம். இவற்றுக்குத் ‘திராபூல்’ என்று பெயர். இந்த ஊரில் இப்படிச் சில நூறு உண்டு, ஏறக்குறைய 40 மட்டும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. மேலே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் உள்ளே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அப்பா ஒவ்வொரு முற்றத்திலும் நின்று மேலே பார்த்தார். நம்ம ஊர் நாலுகட்டு வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

ஃபூர்வியேர் ஏற்றம்தான் வண்டிக்கு முதல் சோதனை. வளைந்து வளைந்து ஏறும் சாலை. பொத்தானை முழுக்க அமுக்கியும் வேகம் 25இலிருந்து 12க்கு இறங்கியது. மோட்டார் முனகியது, ஆனால் விடாமல் ஏறியது. என் முன்னால் அப்பா. தலைக்கவசத்துக்குக் கீழே நரைத்த பிடரி, கால்சட்டைக்கு மேலே விட்டிருந்த வெள்ளைச் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு. ஒரு தடவைகூடக் காலைத் தரையில் ஊன்றவில்லை. சுவரைப் பிடிக்காமல் அவர் ஒரு மேட்டில் ஏறி நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

மேலே ரோமானிய நாடக அரங்கு. கிறிஸ்து பிறப்பதற்கு 43 ஆண்டுகள் முன்பு ரோமானியர் இந்தக் குன்றில் லுக்துனும் என்ற ஊரை நிறுவினார்கள். அதுதான் பிறகு லியோன் ஆனது. பேரரசன் கிளாடியஸ் பிறந்த ஊர். சுமார் 10,000 பேர் உட்காரக்கூடிய அந்த அரங்கின் கல் படிகளில் கோடை விழாவுக்காக விளக்குக் கம்பங்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஃபூர்வியேர் தேவாலயம். 1870இல் பிரஷ்யப் படை நெருங்கியபோது ஊர் தப்பித்தால் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டு, 1872இல் தொடங்கி எழுப்பியது. வழிகாட்டி அங்கே நெடுநேரம் நின்றாள். எனக்கு அந்தத் தங்கப் பூச்சும் பளிங்கும் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. அப்பா கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வெளியே மதில் ஓரம் போய்விட்டார். அங்கிருந்துதான் எதிரே இன்னொரு குன்று தெரியும். பெரிய பெரிய சன்னல்களாக, உயரமான, அலங்காரமே இல்லாத கட்டடங்கள்.

“அந்தப் பக்கம் இன்னா?” என்றார்.

ஃபூர்வியேருக்கு ‘ஜெபிக்கும் குன்று’ என்றும் அதற்கு ‘உழைக்கும் குன்று’ என்றும் பெயர் என்று வழிகாட்டி சொன்னதை மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு அப்பா தேவாலயத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

இறக்கத்தில் சோன் கரைக்கு வந்தோம். முந்தின இரவு மழை. கரையோரக் கல்லில் என் பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கியது. பயிற்சியில் சொன்னபடி பிரேக்கை விட்டுவிட்டேன், வண்டி தானே நிமிர்ந்தது. பாலம் கடந்து, கூர் ஜெனரல் ஜிரோ என்ற நீண்ட சாலையில் மறுபடி ஏற்றம். வழியில் தோனி கார்னியே என்ற லியோன் கட்டடக் கலைஞர் நெசவுப் பள்ளிக்காகவே கட்டிய பெரிய கட்டடம் இருக்கிறது. இப்போது அது உயர்நிலைப் பள்ளி. நெசவு சொல்லிக்கொடுக்க இவ்வளவு பெரிய கட்டடமா என்று அப்பா வண்டியை ஓரம் கட்டி நின்று பார்த்தார். அவர் நெசவு கற்றது தாத்தாவின் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அறுந்த இழையை முடிந்து.

குருவா ரூஸ் மேட்டில் பெருவீதி நெடுகச் சந்தை. வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். பாலாடைக்கட்டி, முள்ளங்கி, செர்ரிப் பழம். வீதி முடிகிற இடத்தில், அந்தக் காலத்தில் சுரங்கம் தோண்டும்போது கிடைத்த ஒரு பெரிய பாறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று வழிகாட்டி கட்டடங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். இந்த வீடுகளின் ஒவ்வொரு தளமும் சுமார் 4 மீட்டர் உயரம். சன்னல்கள் ஆளைவிட இரண்டு மடங்கு. காரணம், ஜக்கார்டு பெட்டி வைத்த தறி பழைய வீடுகளின் கூரைக்குக் கீழே அடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்கள் கீழ் ஊரை விட்டு இந்தக் குன்றுக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே, தறியின் உயரத்தை அளந்து, இந்த வீடுகள் கட்டப்பட்டன. வேலையும் சமையலும் தூக்கமும் அந்த ஒரே அறையில். ஓரத்தில் பரண் மாதிரி ஒரு தட்டு, படுக்கை அதன் மேல்.

நான் சொல்லி முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “நம்ம பள்ளம் தோண்டினோம். இவங்க கூரையத் தூக்கிட்டாங்க.”

இதை எழுதுகிறபோதும் அந்த வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். எங்கள் வீட்டு ஓட்டுக் கூரை தாழ்வு. தறி தரையோடு இருக்கும், கால் வைக்க இடுப்பளவு பள்ளம், மிதிகள் அந்தப் பள்ளத்துக்குள். மழைக்காலத்தில் அதில் ஈரம் ஊறும். அப்பாவின் முழங்கால் அங்கேதான் போனது. அதே பெட்டிதான். இந்த ஊர் அதற்காக வீட்டை மாற்றியது, எங்கள் ஊரில் உடம்பை அதற்கு ஏற்றபடி மடக்கிக்கொண்டோம்.

குருவா ரூஸ் சதுக்கத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு சிலையாக நிற்கிறார். 1752இல் லியோனில் ஒரு நெசவாளருக்குப் பிறந்தவர், 1834இல் இறந்தார். அவருக்கு முன்பு பூ வேலைப்பாடு நெய்ய வேண்டுமானால், நெய்பவர் ஒருவர் போக, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைக் கட்டிய கயிறுகளை வரிசை தவறாமல் இழுத்துவிட இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் சிறுவர்கள், சிறுமிகள். நாள் முழுக்க இழுத்து இழுத்துத் தோளும் முதுகும் கோணிப்போகும். 1725இல் பசில் பூஷோன் என்ற லியோன் தொழிலாளி துளையிட்ட காகிதச் சுருளை முயன்றார். பிறகு ஃபால்கோன் அட்டைகளுக்கு மாறினார். வோகான்சோன் இயந்திரத்தைத் தறியின் தலைக்கு ஏற்றினார். இவர்கள் எல்லாருடைய வேலையையும் சேர்த்து, 1804 வாக்கில் ஒரே ஆள் மிதித்து இயக்கும்படி ஆக்கியவர்தான் இந்தச் சிலைக்காரர்.

வழிகாட்டி அட்டை எப்படி வேலை செய்கிறது என்று டச்சுத் தம்பதிக்கு விளக்க ஆரம்பித்தாள். அப்பா என் கையைத் தட்டி, “நான் சொல்றேன், நீ சொல்லு” என்றார். எனவே அன்று லியோனில், ஜக்கார்டு சிலையின் கீழே, ஜக்கார்டு பெட்டியை விளக்கியது ஆரணித் தமிழ். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி நேராக நிற்கும், மிதித்ததும் ‘கத்தி’ என்கிற இரும்புப் பட்டை அதைத் தூக்கும், அதில் கட்டிய இழை எழும். துளை இல்லையென்றால் ஊசி தள்ளப்பட்டு, கொக்கி சாய்ந்துவிடும், இழை எழாது. அவ்வளவுதான் எல்லா மயிலும், எல்லா அன்னமும். எங்கள் வீட்டில் இருந்தது 240 கொக்கிப் பெட்டி. மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். உண்டு, இல்லை என்ற இரண்டே பதிலில் ஒரு படத்தைச் சொல்லிவிடும் அந்த அட்டைதான் என் தொழிலுக்கும் மூதாதை. ஜக்கார்டின் உருவத்தையே 1839இல் பட்டில் நெய்தார்கள், ஏறக்குறைய 24,000 அட்டைகள் கோத்து. அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர், கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் படிக்கும் சார்லஸ் பாபேஜ். வழிகாட்டி அந்தப் படத்தைக் காட்டியபோது அப்பா கேட்டது ஒன்றுதான். அந்த 24,000 அட்டையையும் குத்திக் கோத்தவர்கள் யார் என்று. அவளுக்குப் பெயர்கள் தெரியவில்லை.

அங்கிருந்து சரிவில் இறங்கும்போது 1831இன் கதை வந்தது. இந்த நெசவாளர்களுக்குக் ‘கனு’ என்று பெயர். தறி அவர்களுடையது. பட்டு நூல் வியாபாரியுடையது. வியாபாரி நூல் கொடுப்பார், இவர்கள் வீட்டில் நெய்து கொடுப்பார்கள், நெய்த அளவுக்குக் கூலி. அப்பாவுக்கு இதை நான் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை. நூல், முதலாளி, கூலி என்ற மூன்று வார்த்தையில் முடிந்துவிட்டது. ஆரணியில் பாவும் சரிகையும் முதலாளி கொடுப்பார், புடவைக்கு இவ்வளவு என்று கூலி அவர்தான் வைப்பார். 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றை அரசு அதிகாரி முன்னிலையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வியாபாரிகளில் பலர் அதைக் கொடுக்க மறுத்தார்கள். நவம்பர் 21ஆம் தேதி கனுக்கள் இதே சரிவில் ஊருக்குள் இறங்கினார்கள். ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்’ என்பது அவர்கள் ஏந்திய கறுப்புக் கொடியின் முழக்கம். சில நாள் லியோன் முழுக்க அவர்கள் கையில் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் சுமார் 20,000 படைவீரர்கள் வந்து ஊரைத் திரும்ப எடுத்தார்கள்.

“அப்புறம் கூலி ஏறுச்சா?”

“இல்லப்பா. அந்தப் பட்டியல ரத்து பண்ணிட்டாங்க. 1834ல மறுபடி எழுந்தாங்க. அதுல நூத்துக்கணக்குல செத்துட்டாங்க.”

அப்பா தலையை ஆட்டிவிட்டு வண்டியை உந்தினார். அந்த இறக்கத்தில் எல்லாரையும்விட மெதுவாக, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வந்தார். நானும் பின்னாலேயே மெதுவாக வந்தேன். நெய்து முடித்த பட்டை முதுகில் சுமந்து இந்தச் சரிவில் இறங்கியவர்களுக்கு மழைதான் பெரிய பயம். சந்து மாற்றிச் சந்து, ஒரு வீட்டுக்குள் புகுந்து இன்னொரு வீட்டு வழியாக வெளியேறும் திராபூல்கள் இங்கே அவர்களுக்குக் குடையாக இருந்தன. அப்பா ஆரணிக்குப் புடவை கொண்டுபோகும் நாட்களில் வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் பாலித்தீன், அதன் மேல் சாக்கு. அப்படியும் மேகம் கறுத்தால் வழியில் ஏதாவது ஒரு திண்ணையில் ஒதுங்கிவிடுவார்.

கடைசி நிறுத்தம் கோல்பேர் சதுக்கம். 9ஆம் எண் வாசலில் நுழைந்தால் வொராஸ் முற்றம். ஆறு தளத்துக்கு வெளிப்புறமாக ஏறும் கல் படிக்கட்டு, வளைவு வளைவாக, மழைக்கறை படிந்து. லியோனில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்தத் தங்கப் பூச்சும் இல்லை. நடுவில் தேய்ந்த படிகள் மட்டும். அப்பா ஏற முயலவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, தேய்ந்த குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “பட்டு தூக்குனவன் கால்ல செருப்பு இருந்திருக்குமா?” என்று கேட்டார்.

வண்டிகளை ஒப்படைத்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மதியம் மெட்ரோவில் மறுபடி மேலே போய் ‘கனுக்களின் இல்லம்’ என்ற சிறிய காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் கைத்தறியில் ஜக்கார்டு பெட்டியோடு நெய்து காட்டினாள். தறியின் சத்தத்தை இங்கே ‘பிஸ்தான்க்ளாக்’ என்று சொல்வார்களாம். எங்கள் தெருவில் அதற்கென்று தனிச் சொல் இல்லை. அது நின்றால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எல்லாரும் வெளியே வந்து பார்ப்போம். அந்தப் பெண் மிதித்தாள், அட்டை புரண்டது. அப்பா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, தன் வலது காலை லேசாக, அவளோடு சேர்ந்து, அழுத்தி அழுத்தி எடுத்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

இரவு ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்கூட்டர், ஆறு, கோயில் எதையும் சொல்லவில்லை.

“கேட்டியா, ஜக்காடுங்கிறது ஒரு ஆளோட பேரு. செல வெச்சிருக்காங்க. நெசவுக்காரன் மவன்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த மயில் அட்ட அடுக்கு பரண்ல இருக்குதா, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டியா?”

அங்கே மணி பத்தரை. அம்மா தூக்கக் குரலில், இருக்குமென்றுதான் நினைக்கிறேன், காலையில் பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறேன் என்றாள்.